5 வருசம் முடிய 7 மாசம் இருக்கு, இப்பவே வேலை மாறலாமா?

கேள்வி: உப்புவெளித் தம்பி
திருகோணமலை உப்புவெளியில ஹோட்டல் ஒன்றில ரிசப்ஷன் வேலை. 4 வருசமும் 5 மாசமும் ஆச்சு. அடிப்படைச் சம்பளம் 60,000. நிலாவெளியில 75,000 தாறம், இந்த வைகாசியிலயே வா எண்டு கேக்கினம். ஒரே இடத்தில நிண்டா சம்பளம் ஏறாது எண்டு கூட்டாளிமார் சொல்லினம். போறதா, நிக்கிறதா?

பதில்: கணக்கர்
தம்பி, உங்கட ஹோட்டல்ல எத்தனை பேர் வேலை? 15 பேரோ கூடவோ எண்டால், இலங்கையின்ர 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி 5 வருசம் முடிச்சவருக்கு, வேலையை விடேக்க முதலாளி தாற பணிக்கொடை (gratuity) வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், கடைசியா எடுத்த சம்பளத்தில. நீங்களா விலகினாலும் கிடைக்கும். 30,000 × 5 = 150,000. ஒரு நாள் குறைஞ்சாலும் அதைச் சட்டப்படி கேக்க ஏலாது.

7 மாசம் நிண்டா கைவிடுறது 15,000 × 7 = 105,000. அந்த 105,000க்கு முதலாளி போடுற ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதமும் 15,750. மொத்தம் 120,750. நிக்கிறதுதான் 29,250 மிச்சம். 15 பேருக்குக் குறைவெண்டால் இந்தக் கணக்கே இல்லை, போங்கோ.

பதில்: நிலாவெளி ரோட்
75,000 முழுக்க அடிப்படையா, சேர்விஸ் சார்ஜையும் (விருந்தாளிகளின்ர பில்லில எடுத்து ஊழியருக்குப் பிரிக்கிற காசு) சேர்த்துச் சொல்லினமா? அதை முதல்ல கேளுங்கோ. சீசன் முடிய சேர்விஸ் சார்ஜ் விழுந்திடும், பிறகு இப்ப எடுக்கிறதுதான் மிஞ்சும்.

இன்னொண்டு. வைகாசியில சேர்ந்து 6 மாசம் தகுதிகாண் காலம் எண்டால், அது முடியிறது கார்த்திகை மழைக்குள்ள. அறையெல்லாம் வெறுமையாக் கிடக்கிற நேரம் புது ஆளைத்தான் முதல்ல நிப்பாட்டுவினம். நியமனக் கடிதத்தில அடிப்படைச் சம்பளமும் தகுதிகாண் காலமும் எழுத்தில இல்லாமல் பழைய இடத்தை விடாதீங்கோ. மார்கழியில வாறன், அடுத்த சீசனுக்குப் பழகின ஆளா நிப்பன் எண்டு கேட்டுப் பாருங்கோ. ரிசப்ஷனுக்கு நல்ல ஆள் தேடுறவை யோசிப்பினம்.

பதில்: கணக்கர்
விலகல் கடிதத்தில கடைசி வேலை நாள் 5 வருசம் முடிஞ்ச திகதிக்குப் பிறகு வரவேணும். சேர்ந்த திகதியை நியமனக் கடிதத்தில பாத்து எண்ணுங்கோ, தகுதிகாண் காலமும் சேவைதான். இடையில கம்பனிப் பெயர் மாறி புதுக் கடிதம் தந்திருந்தால், பழைய சேவை தொடருதெண்டு எழுத்தில வாங்குங்கோ. பணிக்கொடை 30 நாளுக்குள்ள தரவேணும். தராட்டி திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில முறைப்பாடு குடுக்கலாம்.

ஈ.பி.எப் அங்கத்துவ இலக்கம் ஒவ்வொரு இடத்திலயும் வேற. பேரும் அடையாள அட்டை இலக்கமும் பழைய இடத்தில சரியாப் பதிஞ்சிருக்கா எண்டு, விலக முதல் பாருங்கோ. ஒரு எழுத்துப் பிழையெண்டாலும் 55 வயசில காசு எடுக்கேக்க அலைய வேண்டி வரும்.