பழைய ஓ.எஸ். மேக்ஸ் 35 மாடல் விமான இன்ஜின்: கேஸ்கெட்டைக் கையாலேயே வெட்டிப் போடலாமா?

நல்லம்பள்ளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா கோவையில் படித்தபோது என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தவர், இரண்டு கம்பியில் கட்டிச் சுற்றிவிடுகிற கண்ட்ரோல் லைன் மாடல் விமானமெல்லாம் ஓட்டியிருக்கிறார். அந்தக் காலத்து ஓ.எஸ். மேக்ஸ் 35 ஒன்று முப்பது வருடத்துக்கு மேல் பீரோவில் துணிக்கடியில் கிடந்தது. போன மாதம் என் கையில் கொடுத்து, "ஒரு தடவை இது ஓடுற சத்தத்தைக் கேட்கணும்டா" என்றார்.

எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் உள்ளே பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. மெத்தனாலில் இரண்டு நாள் ஊறவைத்து, ஹேர் டிரையரால் சூடாக்கியதும் கிராங்க் சுற்ற ஆரம்பித்தது. ஆனால் பேக்பிளேட்டை, அதாவது பின்பக்க மூடியைக் கழற்றினால், கசியாமலிருக்க நடுவில் வைக்கிற பேப்பர் கேஸ்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. ஹெட்டுக்கடியில் (சிலிண்டரின் மேல்மூடி) இருந்த மெல்லிய அலுமினிய வளையமும் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது.

தர்மபுரியில் பைக் ஸ்பேர்ஸ் கடையில் பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிப் போட்டேன், 0.8 மி.மீ. கனம். ஸ்டார்ட் ஆகிறது, பத்து நொடி ஓடுகிறது, அப்புறம் திடீரென்று வேகம் கூடி நின்றுவிடுகிறது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற நீடிலை எவ்வளவு திறந்தாலும் அதே கதைதான். கேஸ்கெட்தான் காரணமா? சரியாகச் செய்வது எப்படி?

ஓசூர் லேத்:

தம்பி, காரணம் கேஸ்கெட்தான் என்று நினைக்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இறங்கும்போது பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸ் அறைக்குள் உள்ள எரிபொருள்-காற்றுக் கலவை அழுந்தி மேலே போக வேண்டும், மேலே ஏறும்போது அதே கிராங்க் கேஸ் கார்புரேட்டர் வழியாக உறிஞ்ச வேண்டும். பேக்பிளேட் ஓரத்தில் மயிரளவு இடைவெளி இருந்தாலும் அந்த வழியாகவும் காற்றை இழுத்துக்கொள்ளும். எரிபொருள் குறைந்து காற்று கூடினால் நீங்கள் சொன்ன மாதிரியே வேகம் ஏறி நிற்கும். நிச்சயப்படுத்திக்கொள்ள, இணைப்பைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டு புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். கசிகிற இடத்தில் குமிழி வரும்.

அந்த 0.8 ஷீட் பைக் இன்ஜினுக்குச் செய்தது, பெரிய போல்ட் போட்டு இறுக்கினால்தான் அமுங்கும். உங்கள் குட்டி ஸ்குரூவால் அது முடியாது. அதை இன்னும் இறுக்கினால் அலுமினியத்தில் மரைதான் போகும், தயவுசெய்து இறுக்காதீர்கள்.

பழைய துண்டு ஒன்றாவது மிஞ்சியிருந்தால் ஸ்குரூ கேஜில் அளந்து பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் 0.2 மி.மீ.யில் ஆரம்பிக்கலாம். சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 0.1 இருக்கும், அதை வைத்து உங்கள் கேஜையே சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்பேர்ஸ் கடையில் மெல்லிய ஆயில் பேப்பர் என்று கேளுங்கள், கார்புரேட்டருக்குப் போடுவது. ரொம்ப மெல்லியதாகவும் போட வேண்டாம், சில இன்ஜினில் கனெக்டிங் ராடு பேக்பிளேட்டில் உரசும். மாட்டியதும் கையால் சுற்றி, எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள்.

வெட்டுவதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் ஸ்குரூ ஓட்டை, அடுத்து உள்வட்டம், கடைசியில்தான் வெளி ஓரம். ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க இடமில்லாமல் ஓட்டை போடும்போது கிழிந்துவிடும், நான் அப்படி நிறைய வீணாக்கியிருக்கிறேன். மெக்கானிக்குகள் பேப்பரை மேலே வைத்து சுத்தியலால் ஓரத்தைத் தட்டியே வெட்டுவார்கள், அது வார்ப்பிரும்புக்குச் சரி. இந்த மெல்லிய அலுமினியத்தில் ஓரம் மழுங்கிப்போகும். பேக்பிளேட்டில் ஸ்டாம்ப் பேடு மை தடவி பேப்பரில் ஒற்றி எடுங்கள், அச்சு அப்படியே விழும். ஓட்டைக்குப் பழைய ரேடியோ ஏரியல் குழாய் அருமையான பஞ்ச். ஸ்குரூ அளவுக்கு ஏற்ற துண்டை எடுத்து, முனையை உள்பக்கம் சாணை பிடித்து, பேப்பருக்கு அடியில் அட்டை வைத்து ஒரே தட்டு. கலவை மேலே போகிற டிரான்ஸ்ஃபர் வழியை கேஸ்கெட் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவினால் போதும். நம் பக்கம் அதற்கா பஞ்சம்!

கிருஷ்ணகிரி ஆசிரியர்:

ஹெட் வளையத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அது வேறு வேலை. பேக்பிளேட்டில் காற்றை அடைத்தால் போதும், ஹெட்டில் கனமும் சரியாக இருக்க வேண்டும், கம்ப்ரஷன் அதைப் பொறுத்தது. 35 என்றால் 0.35 கன அங்குலம், 5.7 சி.சி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 20 மி.மீ. என்று வைத்தால் 0.1 மி.மீ. கூடுதல் கனம் 0.03 சி.சி. இடத்தைக் கூட்டும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடமே முக்கால் சி.சி. அளவுதான், அதில் இது நான்கு சதவீதம். மெல்லியதாகப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கவும் கூடும். கிழிந்த வளையத்தின் நல்ல பக்கத்தை அளந்து அதே கனத்தில் செய்யுங்கள்.

செம்புத் தகடு நல்லது. கத்தரியால் வெட்டினால் ஓரம் சுருளும், அதனால் இரண்டு கனமான வட்டுகளுக்கு நடுவில் தகட்டை இறுக்கி லேத்தில் கடைந்துவிடுங்கள். பிறகு சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மெதுவாகிவிடும். இரும்புக்கு நேர்மாறு இது. கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

நல்லம்பள்ளிக்காரன்:

அண்ணா, சார், இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. டியூபில் வருகிற சிலிக்கான் பேஸ்ட்டை பேப்பர் மேல் பூசலாமா?

ஓசூர் லேத்:

இந்த இன்ஜினுக்கு ஊற்றுகிற மெத்தனாலுக்கு அது தாங்கும், பெட்ரோல் பட்டால்தான் ஊதிப்போகும். ஆனாலும் வேண்டாம் தம்பி. உள்பக்கம் பிதுங்கி உதிர்கிற ஒரு துணுக்கு பிஸ்டனில் மாட்டினால் போதும். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் பிளேடு போடாமல் மூங்கில் சீவலால் எடுங்கள், ஈரமாக்கிவிட்டு எடுங்கள், பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஸ்குரூவை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி ஒரு முறை பாருங்கள்.

நல்லம்பள்ளிக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை ஓடியது! பழைய வளையம் 0.15 இருந்தது, தெரிந்த லேத் பட்டறையில் அதே கனச் செம்பில் கடைந்து வாங்கினேன். பேக்பிளேட்டுக்கு ஆயில் பேப்பர், மூன்றாவது துண்டுதான் சரியாக வந்தது. எண்ணெய் தடவிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. 10க்கு 6 அங்குலப் புரொப்பெல்லர் மாட்டி மாந்தோப்பில் ஒரு கட்டையில் ஸ்குரூ போட்டுப் பிடித்து ஓட்டினோம். நான்கு நிமிடம், டாங்க் காலியாகும்வரை நிற்கவில்லை. பெரியப்பா நீடிலைத் தாமே திருகினார், என்னைத் தொடவே விடவில்லை. ஆறியதும் ஹெட் ஸ்குரூ எல்லாமே கொஞ்சம் இறுக்கம் வாங்கின. இரண்டு கனத்தையும் ஒரு சீட்டில் எழுதி இன்ஜின் டப்பாவுக்குள் போட்டுவைத்திருக்கிறேன்.