எல்டிஏ சாலை வேலையில் ஆர்டிஓ: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

சைட்டுக்குப்_புதுசு:
அண்ணன்மாருக்கு வணக்கம். அடுத்த மாசம் சிங்கப்பூர் எல்டிஏவின் (நிலப் போக்குவரத்து ஆணையம்) சாலை அகலப்படுத்தும் வேலை ஒன்றில் ஆர்டிஓவாக, அதாவது தளத்திலேயே நின்று கன்டிராக்டர் வேலையைச் சோதிக்கும் டெக்னிக்கல் ஆபீசராகச் சேர்கிறேன். காங்கிரீட் வாய்க்கால், நடைபாதை, கடைசியில் பிரீமிக்ஸ் (சூடான தார்க்கலவைத் தளம்). இதுவரை கன்டிராக்டர் பக்கம் நின்று இன்ஸ்பெக்‌ஷன் ரிக்வெஸ்ட் போட்டுத்தான் பழக்கம். ஸ்பெக் (வேலை விவரக்குறிப்பு) கையில் இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் படாமல் தப்பிப்போகிற விஷயங்கள் எவை? எந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்லலாம்?

கம்பியும்_கல்லும்:
தம்பி, மூடினால் திரும்பப் பார்க்க முடியாத எதுவாக இருந்தாலும் மூடும் முன் பார். நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். காங்கிரீட் லாரி வாசலுக்கு வந்த பிறகு கம்பியில் குறை சொன்னால் எல்லாரும் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் கம்பி செக் முடிந்து கையெழுத்தான பிறகே லாரி புக் பண்ணலாம் என்பதை முதல் நாளே சொல்லி வை.

கம்பியில் ஒரே ஒரு இடைவெளியை அளந்து ஏமாறாதே. பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகு. 150 மி.மீ. என்று வரைபடம் சொன்னால் 1500 வரணும், 1600 வந்தால் கம்பி குறைகிறது. வரைபடத்தில் லேப் (இரண்டு கம்பி ஒன்றோடொன்று சேர்ந்து படியும் நீளம்) விட்டத்தைப்போல் 45 மடங்கு என்றிருந்தால் 16 மி.மீ. கம்பிக்கு 720 மி.மீ. நீளம் சரியாக இருந்தாலும் எல்லா லேப்பும் ஒரே வரிசையில் விழுந்திருக்கிறதா என்று பார். பெரும்பாலும் தவறுவது அங்கேதான். மேல்கம்பி நாற்காலி (தாங்கிப் பிடிக்கும் வளைகம்பி) இல்லாமல் கிடந்தால் ஆட்கள் ஏறி நடக்கும்போதே 30 மி.மீ. இறங்கிவிடும், பிறகு நீ அளந்த கவருக்கு (கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட் கனம்) அர்த்தம் இல்லை. கவருக்கு மரத்துண்டு, உடைந்த ஓடு வைத்திருந்தால் எடுக்கச் சொல். கட்டுக்கம்பியின் முனை உள்பக்கம் மடங்கி இருக்கணும். வெளியே நீட்டினால் சுவரில் துருப் பொட்டு வரும்.

வாட்டர்ஸ்டாப் (ஜாயின்ட்டில் தண்ணீர் புகாமல் வைக்கும் பட்டை) மடங்கிக் கிடக்கிறதா, நடுவில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று கையை விட்டுப் பார். வாய்க்கால் ஜாயின்ட் ஒழுகினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்லம்ப் என்பது ஈரக் காங்கிரீட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை. அதன் கோன் 300 மி.மீ. உயரம். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து, 2 முதல் 5 வினாடிக்குள் நேராகத் தூக்கணும். லாரியிலிருந்து முதலில் விழுவதை எடுக்காதே. குவியல் ஒரு பக்கமாகச் சரிந்தால் அந்த அளவு செல்லாது, புது சாம்பிளில் திரும்பச் செய். டிஓவில் (லாரியோடு வரும் டெலிவரி சீட்டு) தண்ணீர் கலந்த நேரத்தையும் கிரேடையும் பார்க்காமல் லாரியிலிருந்து காங்கிரீட்டை இறக்கவிடாதே. பம்ப்பில் கெட்டியாகிறது என்று தண்ணீர் ஊற்ற ஓஸைப் பிடிப்பார்கள். 9 கன மீட்டர் லாரியில் 100 லிட்டர் ஊற்றினால் கன மீட்டருக்கு 11 லிட்டர்; சிமென்ட் 400 கிலோ என்றால் 0.45 ஆக இருந்த தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.48-ஐ நெருங்கிவிடும். ஸ்லம்ப் நன்றாகத் தெரியும், 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் கியூப்தான் காட்டிக்கொடுக்கும். கியூபை வெயிலில் விட்டுவிட்டு முடிவு குறைந்ததே என்று பிளான்ட்டைத் திட்டுவதும் நடக்கிறது.

நைட்_பிரீமிக்ஸ்:
காங்கிரீட்டை அண்ணன் சொல்லிவிட்டார். பிரீமிக்ஸில் உன் எதிரி சூடு இறங்கும் வேகம்.

டாக்‌கோட் (பிரீமிக்ஸை அடித்தளத்தோடு ஒட்டவைக்கும் பிட்டுமென் பூச்சு) அடித்தவுடன் பழுப்பாக இருக்கும். கறுப்பாக மாறும்வரை பேவரை (பிரீமிக்ஸ் பரப்பும் இயந்திரம்) நகர்த்தவிடாதே. மழைக்குப் பிறகு குளம் கட்டிய இடத்தில் அடித்தால் அது ஒட்டாது, சில மாசத்தில் மேல்படலம் தோலாக உரியும்.

வெப்பத்தைத் துப்பாக்கி மாதிரியான கருவியால் அளந்தால் மேல்தோலின் சூடுதான் தெரியும். லாரிக் குவியலுக்குள் கம்பித் தெர்மாமீட்டரைச் செருகு. கான்வாஸ் மூடாமல் வந்த லாரியில் மேலே கட்டி தட்டியிருக்கும். அந்தக் கட்டி பேவருக்குள் போனால் அந்த இடம் சரியாக அழுந்தாது. இறுக்கிய பிறகு 50 மி.மீ. வேண்டுமென்றால் பேவர் விட்டுப்போவது ஏறக்குறைய 60-க்கு மேல் இருக்கணும். ரோலர் சூடாகப் பரப்பிய பிரீமிக்ஸ் மேல் நிற்கக் கூடாது, திசை மாற்றும் இடமும் ஒரே கோட்டில் வரக் கூடாது.

கணக்கு ஒன்று. 3.5 மீ. அகலம், 100 மீ. நீளம், 50 மி.மீ. கனம்: 17.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.4 டன் என்றால் 42 டன். டிஓக்களைக் கூட்டினால் 35 டன்தான் வருகிறதா? சராசரிக் கனம் 42 மி.மீ.கூட இல்லை. கோர் (துளைத்தெடுக்கும் மாதிரி) எடுக்கும் முன்பே தெரிந்துவிடும், யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை.

பழைய ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, பிட்டுமென் பூசி ஒட்டச் சொல். ஜாயின்ட் சக்கரத் தடத்தில் விழக் கூடாது. மேன்ஹோல் சட்டத்தைச் சுற்றி நேர்கோல் வைத்துப் பார். மோட்டார்சைக்கிள்காரர்கள் புகார் தருவது அங்கேதான்.

மண்ணுக்குக்_கீழே:
தோண்டுவதை மறந்துவிட்டீர்கள். வரைபடத்தில் கேபிள் ஓரிடத்தில் இருக்கும், மண்ணில் வேறிடத்தில் இருக்கும். உரிமம் பெற்ற கேபிள் டிடெக்‌ஷன் ஆள் குறி போட்ட பிறகு, கையால் டிரையல் ஹோல் (சோதனைக் குழி) தோண்டி கேபிளைக் கண்ணால் பார்க்கும்வரை எக்ஸ்கவேட்டர் வாளி இறங்கக் கூடாது. டிரையல் ஹோல் தோண்டி எதுவும் கிடைக்கவில்லை என்றால் கேபிள் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே, குழியை நீட்டு. குறி போட்டு வாரங்கள் ஆகி, மழையில் பெயின்ட் அழிந்திருந்தால் மறுபடி கூப்பிடு.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் பெர்மிட் டு வொர்க் (வேலைக்கான எழுத்து அனுமதி) வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது, ஏணி இல்லாமல் இறங்குவது, முட்டுக்கொடுக்கும் முன் அளவெடுக்க ஆள் குதிப்பது, இவைதான் அன்றாடத் தவறுகள். பின்நிரப்பலை ஒரே தட்டாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் சில மழைக்குப் பிறகு சாலையில் நீளமாக ஒரு பள்ளம் தெரியும். மெல்லிய அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கி, ஸ்பெக் சொல்லும் இடைவெளியில் டென்சிட்டி எடு.

விரிசலைப் பார்த்தால் அகலத்தை அளந்து, முனையில் கோடு போட்டுத் தேதி எழுதி, படத்துடன் ஆர்இக்கு (தளத்தின் ரெசிடென்ட் இன்ஜினியர்) அன்றே எழுத்தில் அனுப்பு. 2004 ஏப்ரல் 20 நிக்கல் நெடுஞ்சாலைச் சரிவில் நான்கு பேர் இறந்தார்கள். குழிச்சுவரைத் தாங்கும் ஸ்டிரட்டும் (குறுக்கு முட்டு) வேலரும் (சுவரையொட்டிய கிடை உத்திரம்) சேரும் இடமே அங்கே பலவீனம். வளைவு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. 2017 ஜூலை 14 அன்று பிஐஇ விரைவுச்சாலை மேம்பாலம் கட்டும்போது கார்பல்கள் (உத்திரத்தைத் தாங்கும் காங்கிரீட் நீட்டங்கள்) முறிந்து ஒருவர் இறந்தார்.

இன்னொன்று. கோப்பிக் காசு (சின்ன லஞ்சம்) என்று யாராவது நீட்டினால் சிரித்துக்கொண்டுகூட வாங்காதே. 2018-இல் ஒரு வெள்ளி வாங்கியதாக போர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் மீதே வழக்கு வந்தது.

சைட்டுக்குப்_புதுசு:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே. ஸ்லம்ப்பில் ஒரு சந்தேகம். இலக்கு 125, அளந்தால் 170. "கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் இறங்கிவிடும்" என்கிறார் போர்மேன். காத்திருக்கலாமா?

கம்பியும்_கல்லும்:
சிங்கப்பூர் காங்கிரீட் தரநிலையான எஸ்எஸ் இஎன் 206 படி இலக்கு 100 அல்லது அதற்கு மேல் என்றால் ±30, அதாவது 95 முதல் 155 வரை. உன் ஸ்பெக்கில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். 170 வெளியே. முதலில் அதே லாரியில் புது சாம்பிள் எடுத்து இன்னொரு முறை செய், கோனில் தவறு நடந்திருக்கலாம். மறுபடியும் வெளியே என்றால் பிளான்ட்டிடம் பேட்ச் பிரின்ட்டை (கலவையில் போட்ட அளவுகளின் தாள்) கேள். அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) அதிகமாகி வந்ததென்றால் நேரத்தோடு இறங்கும். தண்ணீர் அதிகமென்றாலும் ஸ்லம்ப் இறங்கும், ஆனால் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கும். போர்மேன் சொல்வது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. லாரியைத் திருப்பி அனுப்பு. டிஓ எண், நேரம், இரண்டு அளவுகள், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று டைரியில் எழுது. அடுத்த லாரியில் இன்னும் கவனமாக எடு, ஏனென்றால் ஒரே பேட்ச் பிழை இரண்டு மூன்று லாரியில் தொடர்ந்து வரும்.