ஹெட்லைட் ரிலேக்குப் பதிலாக மாஸ்ஃபெட் (அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என் பழைய காரில் ஹெட்லைட் ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் காந்த சுவிட்ச்) இந்த வருடம் இரண்டாவது முறையாகப் போய்விட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். காண்டாக்ட் இரண்டும் கருகி, நடுவில் மிளகு அளவுக்குக் குழி. எலக்ட்ரீஷியன் அண்ணன், "புதுசு ஒண்ணு மாட்டிட்டுப் போங்க சார்" என்கிறார். எனக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பல்பின் எர்த் பாடியிலேயே இருப்பதால் பாசிட்டிவ் பக்கம்தான் சுவிட்ச் செய்ய வேண்டும். அதனால் அதற்கு ஏற்ற பி-சேனல் வகை மாஸ்ஃபெட், ஐஆர்எஃப்4905 எடுத்திருக்கிறேன். ஹை பீமில் 60 வாட் பல்பு இரண்டு, சுமார் 10 ஆம்பியர். மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓம், ஆக அதில் 2 வாட் சூடு. சின்ன ஹீட்சிங்க் போதும் என்று கணக்கு. கேட்டுக்கும் (மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் செய்யும் கால்) சோர்ஸுக்கும் (கரண்ட் நுழையும் கால்) நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், வோல்டேஜ் எல்லை மீறாமல் காக்க 15 வோல்ட் ஜீனர் டயோடு.

டேபிளில் நன்றாக எரிகிறது. பயமெல்லாம் வண்டியில்தான். பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்குமே, தாங்குமா? ஓடும்போது பேட்டரி வயர் கழன்றால் ஆல்டர்னேட்டர் தள்ளும் வோல்டேஜுக்கு எந்த டிவிஎஸ் டயோடு (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை உறிஞ்சுவது) போடலாம்? மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் லைட் அணையவே அணையாது. அதற்கு என்ன செய்கிறீர்கள்?

பேசாமல் இன்ஃபினியான் கம்பெனியின் ப்ரோஃபெட் மாதிரி பாதுகாப்போடு வரும் சிப்புக்கே போய்விடலாமா? போட்டு ஓட்டியவர்கள் சர்க்யூட் படம் அனுப்பினால் புண்ணியமாகப் போகும். ஃப்யூஸைக் கழற்றவில்லை, திட்ட வேண்டாம்.