கல்லூரி வைத்திருந்த வீடுகள்: சொந்தம் எது, குத்தகை எது?

கேத்தி வாசகர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நான் பணியாற்றி ஓய்வு பெற்ற மலைக் கல்லூரியின் விழா மலருக்காக, ஆசிரியர் குடியிருப்பாகவும் மாணவர் விடுதியாகவும் அக்கல்லூரி பயன்படுத்திய வீடுகளின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். பழைய பேரேட்டில் ஏழு பங்களாக்களின் பெயர்கள் இருக்கின்றன. எதற்கும் கதவு எண் இல்லை. மூன்றின் எதிரே ‘வாடகை’ என்றும், நான்கின் எதிரே ‘மராமத்து’ என்றும் மட்டுமே எழுதியிருக்கிறது. மராமத்துச் செலவைக் கல்லூரி ஏற்றிருப்பதால் அந்த நான்கையும் சொந்த வீடுகள் என்று கொள்ளலாமா?

குன்னூர் பத்திர எழுத்தர்:
கொள்ள வேண்டாம், ஐயா. உரிமையாளர் சமவெளியில் இருந்துகொண்டு மலை வீட்டைக் குத்தகைக்கு விடும்போது, தகரக் கூரையையும் புகைபோக்கியையும் மழைக்கு முன் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது வழக்கம்தான். பேரேட்டில் வாடகை எழுதப்படவில்லை என்பதும் சொந்த வீடு என்பதற்குச் சான்றாகாது. பெருந்தொகை ஒன்றை முன்னதாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருக்கும் போகியத்தையும் நம் பக்கத்தில் ‘லீஸ்’ என்றே சொல்கிறோம்.

வீட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் வழி தவறும். உரிமையாளர் மாறினால் வாயில் தூணில் இருக்கும் பெயரும் மாறும்; சிலர் பழைய பெயரைத் தாம் கட்டிய புது வீட்டுக்கே எடுத்துச் சென்றுவிடுவார்கள். புல எண்ணை, அதாவது நிலத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு (அச்சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலுக்கு) எழுதிக் கொடுங்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நீண்ட காலக் குத்தகைகள் அதில் தென்படும். பதினொரு மாத ஒப்பந்தங்கள் தென்படமாட்டா.

உதகை பழைய மாணவர்:
மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. உதகை அரசு கலைக் கல்லூரி 1955இல் தொடங்கப்பட்டது. அதன் முதல்வர் அறை இருக்கும் ஸ்டோன் ஹவுஸ், அதாவது ஊரார் சொல்லும் கல் பங்களா, கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய வீடு. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று தோடர்களிடமிருந்து அவர் நிலம் பெற்றதாகச் சொல்வார்கள் (அந்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது). பின்னர் அவ்வளாகம் சென்னை அரசின் கோடைக்காலச் செயலகமாக இருந்தது. அங்கே கல்லூரி வாங்கியதும் இல்லை, வாடகைக்கு எடுத்ததும் இல்லை. அரசுக் கட்டடத்தில் அரசுக் கல்லூரி இயங்குகிறது. ஆகவே உங்கள் அட்டவணையில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று தனியாக ஒரு பத்தி இருக்கட்டும்.

கோடைக்கானல் வாசகி:
தனியார் கல்லூரியாயின், பத்திரம் கல்லூரியின் பெயரிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறக்கட்டளை, சபை, சங்கம் என்று நடத்துபவர் பெயரில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

கேத்தி வாசகர்:
மூவருக்கும் நன்றி. சொன்னபடியே தேடியதில், மராமத்துப் பட்டியலில் இருந்த இரண்டு பெயர்களுக்கு ஒரே நான்கெல்லை (பத்திரத்தில் எழுதும் நாற்புற எல்லை விவரம்) வந்து நின்றது. பெயர் மாறிய ஒரே வீட்டை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் குத்தகைப் பத்திரத்தின் பின்னிணைப்பில், ‘கணப்படுப்புக் கம்பித்தட்டு நான்கு, அதில் ஒன்று விரிசல்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். அந்த விரிசல் தட்டில் கரி போட்டுக் குளிர்காய்ந்தவன் நான். அதைச் சொந்த வீடு என்றே இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். மராமத்துப் பட்டியலில் எஞ்சிய இரண்டு வீடுகளின் புல எண்களுக்காகத் திங்களன்று வட்டாட்சியர் அலுவலகம் செல்கிறேன்.