புதுப்பிப்பு: திரை வந்துவிட்டது, குற்றவாளி ரேம் (கணினியின் நினைவகம்)

என் கணினியில் மின்விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. எப்போதாவது படம் வந்தாலும் விண்டோஸ் தொடங்கும்போதே நீலத்திரை காட்டி முடங்குகிறது என்று எழுதியிருந்தேன். கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தவர்களுக்கு: அது நிரபராதி.

மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) ரேம் கோளாறைக் காட்டும் 'டிராம்' என்ற குட்டி விளக்கு அணையாமல் எரிந்ததுதான் துப்பு. இரண்டு டிடிஆர்4 வகை ரேம்களையும் கழற்றி, தங்கநிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, பிராசஸருக்கு அடுத்த இரண்டாவது ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஒன்றில் குறையே இல்லை. மற்றதிலும் படம் வந்தது. ஆனால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓட்டியதும் பிழைகள் கொட்டின. எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து, சாதாரண 2133 வேகத்துக்கு இறக்கியும் நிற்கவில்லை.

இப்போதைக்கு ஒற்றை 8 ஜிபியில் ஓடுகிறது. உத்தரவாதம் இன்னும் இருக்கிறது, ரசீதுதான் அகப்படவில்லை.