கார் கதவு முழுக்க டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்கும் ஒட்டுத் தாள்) ஒட்டியே ஆக வேண்டுமா?

கோவை_ஓட்டுநர்: முன் கதவுகளில் 6.5 இன்ச் காம்போனன்ட் ஸ்பீக்கர் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வரும் வகை), கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டிருக்கிறேன். பாட்டு தெளிவுதான், ஆனால் தவில் அடி விழுந்தால் கதவு டர்ர்ரென்று அதிர்கிறது. கடைக்காரர் நாலு கதவு, தரை, டிக்கி எல்லாவற்றுக்கும் ஷீட் ஒட்டச் சொல்கிறார். தேவைதானா, இல்லை தலையில் கட்டப் பார்க்கிறாரா?

பேஸ்_பைத்தியம்: முதலில் முன் கதவு இரண்டும் போதும். வெளித் தகரத்தை விரலால் தட்டினால் டங் என்று கேட்கும், 2 மி.மீ. பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) டேம்பிங் ஷீட்டை நடுவில் ஒட்டி ரோலரால் நன்றாக அழுத்திவிட்டுத் தட்டுங்கள், டொப் என்று அடங்கிவிடும். முழுக்க மூட வேண்டாம், கால்வாசிப் பரப்பே பெரும்பாலும் போதும். அதைவிட முக்கியம் உள் தகரத்தின் ஓட்டைகளை அடைப்பது, ஏனென்றால் ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அந்த வழியாக வந்துதான் பேஸை, அதாவது அடித்தொனியைத் தின்கிறது.

பழைய_வண்டி: மலிவு என்று தார் ஷீட் வாங்கிவிடாதீர்கள், பட்டவன் சொல்கிறேன். மே மாத வெயிலில் கழன்று வழிந்து, வண்டிக்குள் ரோடு போடும் வாசம்! அப்புறம், கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மூடினால் துருதான்.

கோவை_ஓட்டுநர்: நன்றி அண்ணா. கதவின் உள்பக்க மூடியை (டிரிம்) கழற்றினேன், இரண்டு கிளிப் உடைந்து கிடக்கிறது. பாதி டர்ர் அதுதான் போல. கிளிப் மாற்றிவிட்டு முன் கதவுக்கு மட்டும் ஒட்டுகிறேன்.