அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்களே, இன்னும் உறுத்துகிற சம்பவம் எது?

ராத்திரி அட்மின்:
நானே ஆரம்பிக்கிறேன். புகார் கமெண்ட் வந்தால் எல்லோரும் ஒட்டுகிற வரி தெரியுமே, "சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரங்களை இன்பாக்ஸில் அனுப்புங்கள்." ஒரு வாரத்தில் நாற்பது பேருக்கு ஒட்டியிருப்பேன். இன்ஸ்டாகிராமில் நாம் பின்தொடராதவர் அனுப்புவது நேராக இன்பாக்ஸுக்கு வராது, ரிக்வெஸ்ட் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் போகவில்லை, பாதிக்கு மேல் குப்பை என்பதால். ஒருநாள் வேறெதற்கோ திறந்தேன். ஒரு பெண்மணி. பத்தொன்பது நாளுக்கு முன் ரசீதின் போட்டோ, கீழே "அனுப்பிவிட்டேன்". இரண்டு நாள் கழித்து "பார்த்தீர்களா?" அப்புறம் வெறும் கேள்விக்குறி. கடைசியாக, "சரி, பரவாயில்லை."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த மாத அறிக்கையில் "பதில் விகிதம் 100%" என்று எழுதியதும் நான்தான். ஒட்டு வரியும் பதில் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா.

கமா:
ஒரே போனில் இரண்டு அக்கவுண்ட். மீதியைச் சொல்ல வேண்டுமா? "மூன்றாவது மணி நேரம் ஓடுகிறது. ஒரு ஈமெயிலில் முடிந்திருக்க வேண்டிய மீட்டிங்." என் பெயரில் போவதாக நினைத்தேன், போனது நிறுவனப் பக்கத்தில். எதிரே உட்கார்ந்திருந்தவரின் போன் மேசையில் அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாலு நிமிடத்தில் அழித்தேன், அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதுகூடப் போகட்டும். "ஹேக் ஆகிவிட்டது என்று போடு" என்றார்கள். போட்டேன். "எந்த ஹேக்கர் உங்கள் மீட்டிங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்?" என்று ஒருவர் கேட்டார். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் அதிக லைக் வாங்கியது அந்தக் கமெண்ட்தான்.

பழைய பேனா:
கமா, தவறு போன் மேல் இல்லை, அந்த ஹேக் பொய் மேல். 2011 பிப்ரவரியில் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் இதே கதிதான். ஊழியர் ஒருவர் பீர் குடிப்பதைப் பற்றி எழுதியது சங்கத்தின் ட்விட்டர் கணக்கில் போய்விட்டது. அவர்கள் ஹேக் என்று சாதிக்கவில்லை. அழித்துவிட்டு, சங்கம் நிதானமாகத்தான் இருக்கிறது, சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டோம் என்ற பாணியில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அந்த பீரின் ரசிகர்கள் சங்கத்துக்கு நன்கொடை திரட்டினார்கள். பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமா?

இனி யாரும் மாட்டாமல் இருக்கச் சொல்கிறேன். அலுவலகக் கணக்கைப் போனில் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் அதற்கென்று தனி ஆப். "போஸ்ட்" அழுத்துமுன் மேலே இருக்கும் படம் உங்கள் முகமா, லோகோவா என்று பாருங்கள். பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் அல்ல. நேரம் குறித்து ஷெட்யூல் செய்த பதிவுகளைத் தினமும் காலையில் ஒருமுறை கண்ணால் பாருங்கள், உலகத்தில் என்ன நடந்திருக்கிறது என்று செய்தியைப் பார்த்த பிறகு.

என் கதை? தலைவர் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போய் ராத்திரி முழுக்க நின்றது. அவ்வளவுதான்.

கமா:
சார், அறிவுரை யாரும் கேட்கவில்லையே. சம்பளம் கொடுப்பவர் பக்கத்தில் நின்று "போடு" என்னும்போது செஞ்சிலுவைச் சங்கமெல்லாம் ஞாபகத்துக்கு வராது.

டிராஃப்ட் ஏழு:
ட்விட்டரில் 140 எழுத்துதான் அனுமதி என்றிருந்த காலம், 2017 நவம்பருக்கு முன். தமிழில் எழுதுகிறவனுக்கு அது இன்னும் குறைவு. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும், "தொடர்பு" என்பதே ஏழு இடத்தைத் தின்றுவிடும். அந்த 140க்கு எங்களிடம் ஆறு பேர் அப்ரூவல்.

காலை ஒன்பதுக்கு ஒரு வதந்தி கிளம்பியது. பொய் என்று எங்களுக்குப் பத்து மணிக்கே தெரியும். முதல் டிராஃப்டில் "வருந்துகிறோம்" என்று எழுதினேன். வருந்தினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி என்று சட்டப் பிரிவு வெட்டியது. ஏழாவது டிராஃப்டில் அது "கவனத்தில் கொண்டுள்ளோம்" ஆகியிருந்தது. மாலை 4.10க்குப் போட்டோம். முதல் பதில்: "இப்போதுதான் எழுந்தீர்களா?" லைக் போடலாம்போல இருந்தது எனக்கு.

மௌன வாசகி:
எல்லோரும் அழுகிறீர்கள், நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீடியோவுக்குக் கீழே ஒருவர், "எனக்குக் காது கேட்காது. அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டி என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டிருந்தார். அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிரவே உட்கார்ந்து வசனத்தை அடியில் எழுத்தாகப் போட்டேன். பத்திரிகைக் குறிப்பு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இவர் என்னை எப்படிப் பிடித்திருப்பார்? மறுநாள் எழுதினார்: "இப்போது புரிகிறது. கடைசி ஜோக் சுமார்தான்."

சுமார்தான். நான் எழுதியது.

பழைய பேனா:
டிராஃப்ட் ஏழு, வதந்திக்கு எளிய வழி, ட்விட்டரில் பெயருக்குப் பக்கத்தில் வரும் ப்ளூ டிக் வாங்குவது. ஜனங்கள் டிக்கைப் பார்த்து நம்புவார்கள்.

டிராஃப்ட் ஏழு:
நம்பியதால்தான் 2022 நவம்பரில் அந்தக் கூத்து. எட்டு டாலர் கட்டினால் டிக் என்றதும், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ ஒரு கணக்கு வைத்து "இன்சுலின் இனி இலவசம்" என்று போட்டார். நிஜ நிறுவனம் வந்து அது நாங்கள் இல்லை என்று மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. அங்கேயும் ஆறு பேர் அப்ரூவலோ என்னவோ.

மௌன வாசகி:
ராத்திரி அட்மின், அந்தப் பெண்மணிக்குப் பிறகாவது எழுதினீர்களா?

ராத்திரி அட்மின்:
அன்றைக்கே எழுதினேன். ஒட்டு வரி இல்லை, என் பெயர் போட்டு, தவறு என்னுடையது, ரசீதை உரிய ஆளிடம் கொடுத்துவிட்டேன் என்று. "பார்த்தார்" என்று காட்டியது. பதில் வரவில்லை. இப்போது காலையில் முதல் வேலையாக அந்த ரிக்வெஸ்ட் பகுதியைத்தான் திறக்கிறேன்.